சானடோரியமா, வீடா? தமிழ்நாட்டு மருத்துவச் சோதனைகளும் சான்றுகளை எடைபோட்ட வரலாறும்

கோவை – சேலம் நெடுஞ்சாலையில் உள்ள பெருந்துறையில் "சானடோரியம் எங்கே?" என்று கேட்டால் இன்றும் வழி சொல்வார்கள். அந்த இடத்தில் இப்போது மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. சென்னைப் புறநகரில் "தாம்பரம் சானடோரியம்" என்று ஒரு ரயில் நிலையமே இருக்கிறது. சானடோரியம் என்பது காசநோயாளிகளை மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில், தங்கவைத்து நல்ல காற்று, முழு ஓய்வு, சத்துணவு ஆகிய மூன்றையும் கொடுத்த மருத்துவமனை. பெயர் நிலைத்துவிட்டது; சிகிச்சை முறை மறைந்துவிட்டது. அது மறைவதற்குப் புதிய மருந்துகளின் வரவு ஒரு காரணம். மருந்து மட்டும் போதுமா, படுக்கையும் வேண்டுமா என்ற கேள்விக்கு விடை தந்த ஒரு சோதனை மற்றொரு காரணம். அந்தச் சோதனை 1956இல் சென்னையில் தொடங்கியது.

ஒரு சிகிச்சை பலன் தருகிறதா என்பதை எப்படி அறிவது, பல ஆய்வுகள் பலவிதமாகச் சொன்னால் எதை நம்புவது என்பவற்றை விளக்க வெளிநாட்டு எடுத்துக்காட்டுகளைத் தேடிப் போக வேண்டியதில்லை. சென்னை, செங்கல்பட்டு, கோயம்புத்தூர் ஆகிய மூன்று இடங்களில் நடந்தவையே போதும்.

காற்றும் ஓய்வும்

காசநோயை நம் பெரியவர்கள் சயரோகம் என்றும் எலும்புருக்கி என்றும் சொன்னார்கள். 1882இல் இராபர்ட் கோக் நோய்க்கிருமியைக் கண்டறிந்தார். ஆனாலும் அதைக் கொல்லும் மருந்து கிடைக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த இடைக்காலத்தில் ஐரோப்பாவில் தோன்றிய சானடோரிய முறை இங்கும் வந்தது. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மதனப்பள்ளியில் 1915இல் ஒரு சானடோரியம் திறக்கப்பட்டது. தாம்பரத்தில் 1928இல் மருத்துவர் சவுரிமுத்து ஒன்றை நிறுவினார். இவர் முன்பு இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் சானடோரியம் நடத்தியவர். கணிதமேதை இராமானுஜன் அங்கே சில காலம் இவரிடம் சிகிச்சை பெற்றார். (இராமானுஜனுக்கு இருந்தது காசநோய்தானா என்று பிற்கால மருத்துவர் ஒருவர் ஆராய்ந்து, கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாக இருக்கலாம் என்று எழுதியிருக்கிறார். அது தனிக் கதை.)

சானடோரியத்தில் சேர்ந்தவர்களில் ஒரு பகுதியினர் தேறி வீடு திரும்பினர். அதைக் கண்டு மருத்துவர்களும் மக்களும் முறை பலிக்கிறது என்று நம்பினர். ஆனால் அங்கே போகாமல் இருந்திருந்தால் அவர்கள் என்ன ஆகியிருப்பார்கள் என்ற கேள்விக்கு யாரிடமும் விடை இல்லை. காசநோய் சிலருக்குத் தானாகவே அடங்குவதும் உண்டு. மேலும், மாதக்கணக்கில் வேலையைவிட்டுத் தங்கக்கூடியவர் ஓரளவு வசதியுள்ளவர். பஞ்சாலையில் ஷிப்டு வேலை செய்து குடும்பம் நடத்தியவருக்கு அது எளிதன்று. வசதியுள்ளவர் தேறினார் என்றால், தேற்றியது மலைக்காற்றா, வசதியா? கூர்ந்து பார்த்தாலும் இதைப் பிரித்தறிய முடியாது. ஒப்பிட ஆள் வேண்டும்.

சீட்டுக் குலுக்கல்

ஒப்பீட்டை நேர்மையாகச் செய்யும் வழியைப் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1948இல் வெளியிட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு காட்டியது. போர் முடிந்த காலம். மருந்து கைக்கு எட்டியது கொஞ்சம்தான். எல்லாருக்கும் கொடுக்க இயலாது என்பதால், யாருக்குக் கொடுப்பது என்பதைச் சமவாய்ப்பு எண்களைக் கொண்டு முடிவு செய்து, ஒட்டிய உறைகளில் வைத்தனர். திட்டமிட்டவர் புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்போர்டு ஹில். 107 நோயாளிகளில் 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும் கிடைத்தன. ஆறு மாதத்தில் முதல் பிரிவில் 4 பேரும், இரண்டாம் பிரிவில் 14 பேரும் இறந்தனர்.

உறைகளில் ஏன் வைக்க வேண்டும்? மருத்துவர் நல்லவராக இருப்பதே இங்கே சிக்கல். "இவர் பிழைப்பார், இவருக்குக் கொடுக்கலாம்" என்றோ "பாவம், இவருக்குத்தான் தேவை" என்றோ மனம் சாயும். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் இரு பிரிவுகளும் சமமாக இரா. சீட்டுக் குலுக்கிப் போட்டால் வயது, வறுமை, நோயின் கடுமை, நமக்குத் தெரியாத மற்ற வேறுபாடுகள் எல்லாம் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பரவும்.

சென்னை ஆய்வு

1952இல் ஐசோநயாசிட் வந்தது. அதற்கு முன்பே பாஸ் எனப்படும் பாரா அமினோ சாலிசிலிக் அமிலமும் வந்திருந்தது. இரண்டும் வாய்வழி உட்கொள்ளக்கூடியவை. அப்படியானால் நோயாளி மருத்துவமனையில் ஏன் கிடக்க வேண்டும்? இந்தியாவில் அன்று காசநோயாளிகள் பல லட்சம் பேர். படுக்கைகளோ மிகக் குறைவு. இந்திய அரசு உலக சுகாதார நிறுவனத்தின் உதவியை நாடியது. அந்நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவையும் சேர்ந்து 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. முதலில் பொறுப்பேற்றவர் பிரிட்டனிலிருந்து வந்த மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ்.

சோதனையில் 193 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். எல்லாரும் நகரின் ஏழைப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். சளியில் கிருமி இருப்பது உறுதியானவர்கள். சமவாய்ப்பு முறையில் ஒரு பாதியினர் சானடோரியத்துக்கும் மறு பாதியினர் வீட்டுக்கும் அனுப்பப்பட்டனர். இரு பிரிவினருக்கும் அதே ஐசோநயாசிட், அதே பாஸ், ஓராண்டுக்கு. வீட்டில் இருந்தவர்கள் மையத்துக்கு வந்து மருந்தை வாங்கிச் சென்றனர். மருந்தை உண்மையில் உட்கொள்கிறார்களா என்று பார்க்கப் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரையும் சோதித்தனர்.

வீட்டுப் பிரிவினர் எல்லா வகையிலும் பின்தங்கியிருந்தனர் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே அறையில் பலர் படுத்தனர். உணவு குறைவு. ஓய்வு என்பது பேச்சளவில்தான். பலர் உழைத்தே பிழைக்க வேண்டியிருந்தது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல உணவும் கட்டிலும் செவிலியரும் இருந்தனர்.

ஓராண்டு முடிவில், சளியில் கிருமி அடங்கியவர்கள் வீட்டுப் பிரிவில் 86 விழுக்காடு, சானடோரியப் பிரிவில் 92 விழுக்காடு. இந்த முடிவு 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியானது. ஆறு விழுக்காட்டு வேறுபாடு சானடோரியத்துக்குச் சாதகமாகத் தெரிகிறதே என்று ஐயம் எழலாம். ஒரு பிரிவில் நூறு பேருக்கும் குறைவாக இருக்கும்போது, ஆறேழு பேர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போவது குலுக்கலிலேயே நிகழக்கூடியது. ஆய்வாளர்கள் அத்துடன் நிறுத்தாமல் நோயாளிகளை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். ஐந்தாம் ஆண்டில் இரு பிரிவிலும் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் நலமாக இருந்தனர். முதலாண்டு வேறுபாடு மறைந்துவிட்டது.

மக்களை உண்மையில் அச்சுறுத்திய கேள்வி வேறு: நோயாளி வீட்டில் இருந்தால் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளாதா? அதையும் கணக்கெடுத்தனர். வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு, சானடோரியத்துக்குப் போனவர்களின் குடும்பத்தாரைவிடக் கூடுதலாக நோய் வரவில்லை. தொற்று பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. மருந்து தொடங்கியபின் பரவும் தன்மை விரைவில் குறைகிறது. "டி.பி. வந்தவரைத் தனியே வை, தட்டு டம்ளரைத் தனியே வை" என்ற பழக்கம் நம் ஊர்களில் இதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் நீடித்தது என்பது வருத்தத்துக்குரியது. விடை சென்னையிலேயே கிடைத்திருந்தது. ஊருக்கு வந்து சேரத்தான் காலம் பிடித்தது.

1962இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை அடிப்படையாகக் கொண்டது. மற்ற நாடுகளும் பின்பற்றின. இன்று அந்த மையம் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் சென்னைச் சேத்துப்பட்டில் இருக்கிறது.

எந்தக் கேள்விக்கு விடை?

ஒரு நல்ல சோதனையையும் தவறாகப் படிக்க முடியும். சென்னை ஆய்வின் உணவுக் கணக்கைப் பார்த்தவர்கள், காசநோய்க்குச் சத்துணவு தேவையில்லை என்று நிறுவப்பட்டதாகப் பேசினர். ஆய்வு சொன்னது அதுவன்று. முழுமையாக மருந்து உட்கொள்ளும் நோயாளிக்குக் கிருமி அடங்குவதற்குச் சானடோரிய உணவு கூடுதல் பலன் தரவில்லை என்பதே அதன் முடிவு. பசியால் வாடும் குடும்பத்தில் அடுத்தவருக்கு நோய் வருவதை உணவு தடுக்குமா என்று அது கேட்கவே இல்லை.

அந்தக் கேள்வியை 2019இல் ஜார்க்கண்டில் தொடங்கிய மற்றொரு சோதனை கேட்டது. அதில் சென்னை நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. நோயாளிகளின் குடும்பத்தினர் 10,345 பேர் பங்கேற்றனர். குடும்பம் முழுவதற்கும் கூடுதல் உணவுப்பொருள் கொடுக்கப்பட்ட பிரிவில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது என்று 2023இல் வெளியிட்டனர். இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. கேள்விகள் வேறு, விடைகளும் வேறு.

செங்கல்பட்டும் பி.சி.ஜி.யும்

ஒரே கேள்விக்கு இரண்டு நல்ல சோதனைகள் எதிரெதிர் விடை தந்தால் என்ன செய்வது? பி.சி.ஜி. தடுப்பூசியில் அப்படித்தான் ஆயிற்று.

இந்தியாவில் பெருமளவில் பி.சி.ஜி. போடத் தொடங்கியபோது இராஜாஜி அதை எதிர்த்து 1955இல் சிறு நூலே எழுதினார். அவருடைய வாதங்கள் எல்லாவற்றையும் ஏற்க இயலாது. ஆனால், இதன் பயன் எங்கே நிறுவப்பட்டது என்று கேட்டது நியாயமான கேள்வி என்பதே என் கருத்து. அந்தக் காலத்தில் பிரிட்டனில் பள்ளி முடிக்கும் வயதினரிடம் நடந்த பெரிய சோதனை, ஊசி ஐந்தில் நான்கு பங்கு பாதுகாப்புத் தருவதாகக் காட்டியது. அமெரிக்காவின் தென்பகுதியில் நடந்தவையோ மிகக் குறைந்த பலனைக் காட்டின.

எனவே 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூர் வட்டாரத்தில், உலகின் மிகப்பெரிய பி.சி.ஜி. சோதனை தொடங்கப்பட்டது. சுமார் 2,60,000 பேருக்கு ஊசி போடப்பட்டது. சிலருக்குத் தடுப்பூசி, சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. எவருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. ஏழரை ஆண்டுக் கண்காணிப்பின் முடிவு வெளியானபோது மருத்துவ உலகம் அதிர்ந்தது: நுரையீரல் காசநோயிலிருந்து பாதுகாப்பு ஏதும் தென்படவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் பெரியவர்களுக்குப் பலன் இல்லை; சிறுவர்களிடம் மட்டும் சிறிதளவு காணப்பட்டது.

இந்த இடத்தில் முறைசார் மீளாய்வு தேவைப்படுகிறது. ஒரு கேள்வியைப் பற்றிய சோதனைகள் அனைத்தையும் தேடி எடுத்து, ஒவ்வொன்றின் தரத்தையும் சோதித்து, இயன்றால் எண்களைச் சேர்த்துக் கணிப்பதற்கே அந்தப் பெயர். நமக்குப் பிடித்த ஆய்வை மட்டும் எடுத்துக்காட்டுவது மீளாய்வு ஆகாது. 1994இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பி.சி.ஜி. சோதனைகளைச் சேர்த்துக் கணித்தபோது சராசரியாகப் பாதிக்குப் பாதி பாதுகாப்பு என்று வந்தது. ஆனால் அந்தச் சராசரியைவிட முக்கியமானது அவர்கள் கண்ட ஒழுங்கு: நிலநடுக்கோட்டுக்கு அருகில் வர வரப் பலன் குறைகிறது. வெப்பப் பகுதிகளின் மண்ணிலும் நீரிலும் உள்ள காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகளோடு மக்களுக்கு ஏற்கெனவே பழக்கம் இருப்பது காரணமாகலாம் என்பது ஒரு விளக்கம். குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயை ஊசி நன்கு தடுக்கிறது என்பதும் மீளாய்வுகளில் தெளிவாயிற்று. பிறந்த குழந்தைக்கு இன்றும் இங்கே பி.சி.ஜி. போடுவது அதற்காகத்தான். செங்கல்பட்டு முடிவை மட்டும் படித்துவிட்டு "ஊசி வீண்" என்பவர்களும், பிரிட்டன் முடிவை மட்டும் படித்துவிட்டு "ஊசி போட்டாயிற்று, காசநோய் வராது" என்பவர்களும் ஒரே வகைப் பிழையைச் செய்கிறார்கள்.

ஆர்ச்சி காக்ரேன்

மீளாய்வு முறைக்குப் பெயர் தந்தவர் பிரிட்டன் மருத்துவர் ஆர்ச்சி காக்ரேன். அவருடைய கதையிலும் காசநோய் வருகிறது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர்களிடம் சிறைப்பட்ட அவர், முகாமில் காசநோயாளிகளைக் கவனித்துக்கொண்டார். எந்தச் சிகிச்சையையும் செய்ய அவருக்கு உரிமை இருந்தது. எது பலன் தரும் என்ற சான்றுதான் இல்லை. தன் தலையீட்டால் சிலர் விரைவில் இறந்திருக்கலாமோ என்றும் அவர் அஞ்சினார். 1972இல் அவர் எழுதிய நூலும், சோதனைகளைத் தொகுத்து எடைபோடாத மருத்துவத் துறை மீது 1979இல் அவர் வைத்த குற்றச்சாட்டும் ஓர் இயக்கத்துக்கு வித்திட்டன. அவர் மறைந்தபின் 1993இல் அவர் பெயரில் உலகளாவிய கூட்டமைப்பு தொடங்கப்பட்டது. அதன் தெற்காசிய மையம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அமைந்தது.

இந்தக் கூட்டமைப்பின் மீளாய்வுகள் சென்னையின் வாரிசுகளையும் விட்டுவைக்கவில்லை. நோயாளிகள் மருந்தைத் தவறவிடுகிறார்கள் என்று சென்னையில் கண்டதிலிருந்து வளர்ந்ததே, பணியாளர் கண்முன் மருந்தை விழுங்கவைக்கும் முறை. அது உலகெங்கும் பரவியது. அந்த முறையைத் தானாக உட்கொள்வதோடு ஒப்பிட்ட சோதனைகளைத் திரட்டிப் பார்த்தபோது, குணமடையும் விகிதம் பெரிதாகக் கூடியதாகத் தெரியவில்லை.

பலன் தராத ஆய்வுகள் பெட்டிக்குள் முடங்கிவிட்டால் மீளாய்வும் ஏமாறும். அதனால் 2007இல் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு தொடங்கப்பட்டது. 2009 முதல், சோதனையைத் தொடங்கும் முன்பே பதிவு செய்வது கட்டாயம்.

கோயம்புத்தூரில் கஷாயமும் போலிக் கஷாயமும்

நவீன மருந்துக்குப் பொருந்தும் இந்த அளவுகோல் நாட்டு மருத்துவத்துக்குப் பொருந்துமா? ஒவ்வொருவரின் உடல்வாகுக்கும் ஏற்ப மருந்தை மாற்றிக் கொடுக்கும் ஆயுர்வேதத்தைச் சீட்டுக் குலுக்கிச் சோதிக்க முடியாது என்று வைத்தியர்களும் சொன்னார்கள், மேலை மருத்துவர்களும் சொன்னார்கள். முடியும் என்று செய்து காட்டியது கோவை.

பி. வி. ராம வாரியர் 1943இல் கோவையில் ஆரிய வைத்திய பார்மசியை நிறுவினார். அவருடைய மகன் பி. ஆர். கிருஷ்ணகுமார் காலத்தில், முடக்குவாதத்துக்கான ஆயுர்வேதச் சிகிச்சையை ஆராயும் முயற்சி 1970களின் பிற்பகுதியிலேயே உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவுடன் நடந்தது. அதில் ஒப்பீட்டுப் பிரிவு இல்லை. பின்னர் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் நிதியுதவியுடன், அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கோவை வைத்தியர்களும் சேர்ந்து முறையான சோதனையொன்றை நடத்தி 2011இல் வெளியிட்டனர்.

நோயாளிகள் 43 பேர். காலம் 36 வாரம். 14 பேருக்கு மெத்தோட்ரெக்சேட் என்ற நவீன மருந்தும் போலி ஆயுர்வேத மருந்தும். 12 பேருக்கு உண்மையான ஆயுர்வேத மருந்தும் போலி மெத்தோட்ரெக்சேட்டும். 17 பேருக்கு இரண்டும் உண்மை. போலி மாத்திரை செய்வது எளிது. போலிக் கஷாயம் செய்வதை நினைத்துப் பாருங்கள்: நிறம், மணம், கசப்பு எல்லாம் ஒத்திருக்க வேண்டும், குணம் மட்டும் இருக்கக்கூடாது. ஆயுர்வேத மருந்தின் ஒவ்வொரு வடிவத்துக்கும் இப்படிப் போலி தயாரித்தது இந்த ஆய்வின் சிறப்பு. வைத்தியர் வழக்கம்போல் ஆளுக்கேற்ப மருந்தை மாற்றவும் இடமிருந்தது.

குறைந்தது 20 விழுக்காடு முன்னேற்றம் கண்டவர்கள்: மெத்தோட்ரெக்சேட் பிரிவில் 86 விழுக்காடு, ஆயுர்வேதத்தில் 100, இரண்டும் சேர்ந்ததில் 82. இதைப் படித்ததும் "ஆயுர்வேதம் நூற்றுக்கு நூறு" என்று தலைப்பிடத் தோன்றும். ஆனால் நூறு விழுக்காடு என்பது இங்கே 12 பேர். அதில் ஒருவருக்குப் பலிக்காமல் போயிருந்தால் 92க்கு இறங்கியிருக்கும். நோயின் கடுமையை அளக்கும் மற்றொரு குறியீட்டில் நவீன மருந்து பெற்ற இரு பிரிவிலும் 2.4 புள்ளி குறைந்தது, ஆயுர்வேதத்தில் 1.7. எந்த வேறுபாடும் புள்ளியியல் நோக்கில் உறுதிப்படவில்லை. பக்கவிளைவுகள் முறையே 174, 112, 176 என்று பதிவாயின. மேலோட்டமாகப் பார்த்தால் ஆயுர்வேதத்தில் வெகு குறைவு. ஆனால் பிரிவுகளின் அளவு ஒன்றல்லவே! ஆளுக்கு எத்தனை என்று வகுத்துப் பார்த்தால் 12.4, 9.3, 10.4 என்று வருகிறது, இடைவெளி சுருங்கிவிடுகிறது. எட்டாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் செய்தித்தாள் படிக்கும்போது நாம் செய்யாத கணக்கு.

வேறுபாடு தெரியவில்லை என்பதும் இரண்டும் சமம் என்பதும் ஒன்றல்ல. 43 பேரை வைத்துப் பெரிய வேறுபாட்டைத்தான் பிடிக்க முடியும். சிறு வேறுபாடு சல்லடையில் விழுந்துவிடும். எந்த உண்மை மருந்தும் பெறாத பிரிவு இதில் இல்லை. முடக்குவாதமோ தானாகவே ஏறி இறங்கும் நோய். இந்த வரம்புகளை ஆய்வாளர்களே உணர்ந்திருந்தனர். இதை முன்னோடி ஆய்வு என்றே அழைத்தார்கள். இத்தகைய சோதனையை ஆயுர்வேதத்திலும் நடத்த முடியும் என்பதையும், பெரிய ஆய்வுகள் தேவை என்பதையுமே முடிவாக எழுதினார்கள். பின்னாளில் இதை மேற்கோள் காட்டும் விளம்பரங்களையும் எதிர்ப்புரைகளையும் படிப்பவர்கள், அவற்றில் 43 என்ற எண் வருகிறதா என்று முதலில் பார்க்கலாம்.